திருடுபோன பான் எண்ணுக்குப் புகார் வாங்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ்' என்ற செய்தி சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவதொரு ஊரிலிருந்து வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் அண்மையில் வந்தது. ஓட்டு வீட்டு வாசலில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு படம், மேலே 'அதிர்ச்சி' என்று தலைப்பு, அதோடு சரி. அந்த மனிதர் அடுத்த நாள் காலையில் எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூடச் செய்தியில் இல்லை. படிக்கிற பத்துப் பேரில் ஒருவர் பெயரிலும் அப்படி ஒரு 'கம்பெனி' ஓடிக்கொண்டிருக்கலாம். அவருக்குத் தேவை அதிர்ச்சி அல்ல, அந்த ஒரு வரிதான். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் கணக்கு எழுதுகிறவன். விற்பனை வரிக் காலத்திலிருந்து, வாட் காலம் தாண்டி, 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அதே தொழில்தான். பனியன் கம்பெனிகளுக்கு ஓவர்லாக் தையல், பிரிண்டிங், செக்கிங் (தைத்த துணியில் குறை பார்ப்பது) என்று ஜாப் ஒர்க், அதாவது கூலிக்கு வேலை, செய்யும் சிறு யூனிட்டுகள், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவரிடம் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விஷயம் இது. பெயர் வேண்டாம். கணவர் இல்லை, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஷிப்டுக்கு இவ்வளவு என்று சம்பளம்.

அவருக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை மறுக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் யாருக்குக் கிடைக்காது என்று ஒரு பட்டியல் உண்டு. ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜி.எஸ்.டி. கட்டும் தொழில் உரிமையாளர்களும் அதில் வருகிறார்கள். இ-சேவை மையத்தில் விசாரித்தபோது அந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி அவரை என்னிடம் அனுப்பினார். "எனக்குச் சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்லீங்க சார், கடை எங்கிருந்துங்க வந்துச்சு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஜி.எஸ்.டி. இணையதளத்தின் முகப்பில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் 'சர்ச் பை பான்'. லாகின் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பான் எண்ணைப் போட்டு, படத்தில் தெரியும் எழுத்துகளை அடித்தால், அந்தப் பான் மீது நாட்டில் எந்த மாநிலத்தில் எத்தனை ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது என்று வந்துவிடும். அவர் எண்ணைப் போட்டேன். 33 என்று தொடங்கும் ஓர் எண் வந்தது. 33 என்றால் தமிழ்நாடு. அடுத்த பத்து எழுத்தும் அவருடைய பான். உள்ளே போனால் ஏதோ ஒரு 'டிரேடர்ஸ்', சென்னைப் பக்கம் ஒரு முகவரி, தொழில் இரும்புக் கழிவு. ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதிகளையும் அங்கேயே பார்க்கலாம். பதிவு வாங்கிய மாதத்திலிருந்து கொஞ்ச காலம் தவணை தவறாமல் தாக்கல். என் வாடிக்கையாளர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் கொடுத்ததில்லை. அப்புறம் திடீரென்று நின்றிருக்கிறது. கடைசியில் அதிகாரியே பதிவை ரத்து செய்திருக்கிறார்.

தொழில் தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் புரிந்துவிடும். சரக்கே இல்லாமல் பில் மட்டும் போடும் வியாபாரம். இரும்புக் கழிவுக்கு 18 சதவீத வரி. ஒரு கோடிக்குப் பில் போட்டால், வாங்கியதாகக் காட்டும் நிறுவனம் 18 லட்சத்தை 'இன்புட்' என்று, அதாவது ஏற்கெனவே கட்டிய வரி என்று, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். பில் போட்டவனுக்குக் கமிஷன். அரசுக்கு ஒரு பைசா வந்திருக்காது. கடைசியில் துறை கணக்குப் பார்க்கும்போது மாட்டுவது பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்.

பெயரை எப்படி எடுத்தார்கள்? கைபேசியில் கடன் தருவதாகப் பேசிய ஒருவரிடம் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், ஒரு போட்டோ எல்லாவற்றையும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார். வந்த ஓ.டி.பி.யையும் சொல்லியிருக்கிறார். கடன் வரவில்லை. அதை அவர் மறந்தேவிட்டார். ஜி.எஸ்.டி. பதிவுக்கு இதற்கு மேல் வேண்டியது, எங்கோ ஓர் இடத்து மின்கட்டண ரசீதும் முத்திரைத் தாளில் ஒரு வாடகை ஒப்பந்தமும். அவற்றைத் தயார் செய்வது அந்த ஆட்களுக்குப் பெரிய வேலை இல்லை.

இது ஒரு பெண்ணின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 2023 மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில வரித் துறைகள் சேர்ந்து நாடு முழுக்கப் போலிப் பதிவுகளைத் தேடின. 21,791 பதிவுகளுக்குப் பின்னால் நிறுவனமே இல்லை. சந்தேகிக்கப்பட்ட வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். இது நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கு. அதே ஆண்டு ஜூனில் நொய்டா போலீஸ் பிடித்த ஒரே கும்பல் 2,600-க்கும் மேற்பட்ட போலி நிறுவனங்களை நடத்தியிருந்தது. இத்தனை நிறுவனங்களுக்கும் யாரோ ஒருவருடைய பான், யாரோ ஒருவருடைய ஆதார். அந்த யாரோவைப் பற்றி எந்தக் கணக்கிலும் ஒரு வரி இல்லை.

இனி புகார் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பெண் முதலில் அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போனார். "இது வரி விவகாரம்மா, டாக்ஸ் ஆபீசுக்குப் போங்க" என்று அனுப்பினார்கள். வரி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் பதிவு எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, மத்திய அரசுப் பக்கம்" என்றார்கள். அது உண்மைதான். ஒவ்வொரு பதிவும் மாநில வணிகவரித் துறைக்கோ மத்திய ஜி.எஸ்.டி.க்கோ பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. யாருக்கு என்பதும் அந்தத் தேடல் பக்கத்திலேயே தெரியும். சரி என்று அங்கே போனால், "எப்.ஐ.ஆர். நகல் கொண்டு வாங்க, அதுக்கப்புறம் பார்க்கலாம்." எப்.ஐ.ஆருக்காகத் திரும்பவும் காவல் நிலையம். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தால் முதல் கேள்வி, "எவ்வளவு பணம் போச்சு?" பணம் போகவில்லை, பெயர்தான் போயிருக்கிறது. அதற்கு அந்த இலக்கத்தில் பதில் இல்லை.

யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற நான் வரவில்லை. அவரவர் விதிப்புத்தகத்தில் அவரவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் செக்கிங் டேபிளில் நின்று சம்பாதிப்பவர் ஒவ்வொரு தடவையும் ஒரு ஷிப்டை விட்டுவிட்டு இப்படி அலைய முடியுமா?

அதிகாரிகளின் சந்தேகத்தையும் நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தெரிந்தே பெயரை வாடகைக்குக் கொடுப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். நோட்டீஸ் வந்ததும் அவர்களும் "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்றுதான் அழுவார்கள். பிரித்துப் பார்ப்பது சுலபம் இல்லை. ஆனால் பிரித்துப் பார்க்கத் தேவையான எல்லாமே அரசிடமும் வங்கியிடமும்தான் இருக்கிறது. எந்தக் கைபேசி எண்ணில் பதிவு செய்தார்கள், எந்தக் கணினியிலிருந்து ரிட்டர்ன் போட்டார்கள், பதிவில் காட்டிய வங்கிக் கணக்கிலிருந்து பணம் யாருக்குப் போனது. இந்தப் பெண் பெயரில் அப்படி ஒரு கணக்கு இருந்தது. அவர் வாழ்நாளில் பார்த்திராத கிளை. கணக்குத் தொடங்கும் படிவத்தில் உள்ள கையெழுத்தைப் பார்க்க வேண்டும் என்று கிளைக்கு எழுதினோம். இவர் தமிழில் பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போடுகிறவர். அந்தப் படிவத்தில் இருந்தது ஆங்கிலக் கிறுக்கல். அதற்குப் பிறகுதான் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள்.

இதில் என்னை உறங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுக்கும் வழிகளில் ஒன்றாக இணையதளத்தில் ஏற்றுவதும் இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அது ஒன்றுதான் நடக்கிறது. பதிவின் லாகின் யாரிடம்? திருடனிடம். மின்னஞ்சல் யாருடையது? அதுவும் அவனுடையது. கைபேசி எண்ணும் அவனுடையதே. ஆக விளக்கம் கேட்டு நோட்டீஸ் போவது திருடனுக்கு. பதில் இல்லை என்று வரியும் வட்டியும் அபராதமும் போட்டு உத்தரவு போவதும் அவனுக்கு. பணம் வசூலிக்க வரும்போது மட்டும் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கை முடக்கும் கடிதம் ஒன்றுதான் உண்மையான உரிமையாளரின் கைக்கு வந்து சேர்கிறது.

அந்த நேரத்தில் மேல்முறையீடு செய்யலாமே என்பார்கள். உத்தரவு கிடைத்த மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் ஒரு மாதம். இணையதளத்தில் ஏற்றிய நாளையே 'கிடைத்த நாள்' என்று எடுத்துக்கொண்டால் இவருக்குத் தெரியவருவதற்குள் அந்த நான்கு மாதமும் ஓடிப் போயிருக்கும். காலம் இருந்தாலும் தகராறில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். வரி ஒரு கோடி என்றால் 10 லட்சம். பெயரைப் பறிகொடுத்தவர், 'என் பெயரைப் பறித்துவிட்டார்கள்' என்று சொல்வதற்கே 10 லட்சம் கட்ட வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்? இணையதளத்தில் மட்டும் ஏற்றிய நோட்டீஸ்களின் பேரில் வந்த உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கும் பல நேரம் ஒரு பங்கு வரியைக் கட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். வியாபாரம் செய்து நோட்டீசைப் பார்க்காமல் விட்டவருக்கு அது பொருந்தும். வியாபாரமே செய்யாதவருக்கு?

இனி இப்படிச் செய்தி போட்டால் கூடவே ஒரு பெட்டியில் அச்சிடுங்கள் என்று நான் கேட்பது கீழே இருக்கிறது. கடிதத்தைச் சுருக்குவதானால் மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள், இதை வேண்டாம்.

முதலில் பான் எண்ணைத் தேடிப் பார்த்து, வரும் பக்கங்களை அச்செடுத்துக்கொள்ள வேண்டும். அதே இணையதளத்தில் பான் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்று புகார் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. அதில் பதிந்தால் அந்தப் பதிவைக் கட்டுப்படுத்தும் அதிகாரிக்கே போகும். அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. 'இந்தப் பதிவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நான் விண்ணப்பிக்கவில்லை, கையெழுத்திடவில்லை' என்று அதே அதிகாரிக்குக் காகிதத்தில் எழுதி விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒப்புகையுடன் அனுப்ப வேண்டும். மோசடி செய்து வாங்கிய பதிவை, வாங்கிய நாளிலிருந்தே ரத்து செய்ய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 29-ஆம் பிரிவு அதிகாரிக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும்.

சில கணக்காளர்கள் "எதுக்கு வம்பு, நாமே கேன்சலுக்கு அப்ளை பண்ணிடலாம்" என்று சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பதிவு தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொள்வது போலாகிவிடும். ரத்தாகிவிட்டால் பழைய பாக்கி போய்விடும் என்பதும் இல்லை.

மறுப்புக் கடிதம் போன பிறகு, பதிவின் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மாற்றித் தரும்படி அதே அதிகாரியிடம் கேட்கலாம். அடையாளச் சான்றைப் பார்த்து அவரால் மாற்ற முடியும். அப்படி மாற்றி லாகின் செய்து உள்ளே போனால்தான் என்னென்ன நோட்டீஸ், என்னென்ன உத்தரவு என்று தெரியும். யார் யாருக்குப் பில் போனது என்பதும் அங்கேதான் கிடைக்கும். அந்தப் பட்டியல்தான் போலீசுக்கு நூல் பிடிக்க உதவும். ஆனால் மறுப்புக் கடிதம் முதலில் போக வேண்டும். வரிசை மாறினால் 'லாகின் உங்களிடம்தானே இருக்கிறது' என்ற கேள்வி வரும்.

காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, குறைந்தது சி.எஸ்.ஆர். எனப்படும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதாவது வாங்காமல் வரக்கூடாது. குற்றம் சென்னையில் நடந்தது, டெல்லியில் நடந்தது என்று திருப்பி அனுப்ப இப்போது வழியில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், மாநகரமாக இருந்தால் ஆணையர் அலுவலகத்துக்கு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. புகாரில் அந்தப் பிரிவை எழுதுங்கள். எழுதிய புகாருக்கு மரியாதை கொஞ்சம் கூடத்தான் செய்கிறது.

வருமான வரிப் பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் அந்தப் பொய்யான ஜி.எஸ்.டி. விற்பனையும் ஏறியிருக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் எதிரே கருத்துச் சொல்லும் வசதி இருக்கிறது. 'இது என்னுடையதல்ல' என்று பதிய வேண்டும். இல்லாவிட்டால் ஜி.எஸ்.டி. முடிந்த கையோடு அங்கிருந்து இன்னொரு நோட்டீஸ் வரும்.

என் பாத்திரப் பட்டறை வாடிக்கையாளர் ஒருவரின் பான் மீது வடமாநிலம் ஒன்றில் பதிவு எடுத்திருந்தார்கள். அவர் வருடா வருடம் ஏ.ஐ.எஸ். பார்க்கிறவர். அதனால் விற்பனை பெரிதாவதற்கு முன்பே தெரிந்துவிட்டது, மேலே சொன்ன வழியிலேயே போய்ச் சீக்கிரம் முடிந்தது.

அரசுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். 2024 ஜூன் 22-இல் கூடிய 53-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில், கைரேகை வைத்து ஆதாரைச் சரிபார்க்கும் முறையைப் படிப்படியாக நாடு முழுவதும் கொண்டுவரப் பரிந்துரைத்தது. நல்லதுதான். ஆனால் அது இனிமேல் வரும் விண்ணப்பங்களுக்கு. அதற்கு முன்னால் வாங்கிய பதிவுகள் அப்படியே கிடக்கின்றன. புதிய பதிவு கொடுக்கும்போதும், பெரிய தொகைக்கு நோட்டீஸ் போடும்போதும், ஆதாரில் உள்ள முகவரிக்கு ஒரு விரைவுத் தபால் அனுப்பட்டும். தபால்காரரை எந்த மோசடிக்காரனும் ஓ.டி.பி. கேட்டு ஏமாற்ற முடியாது. அப்புறம், அடையாளத் திருட்டு என்று புகார் கொடுத்துவிட்ட ஒருவரிடம், அந்தப் புகாரை விசாரித்து முடிக்கும்வரை வசூல் நடவடிக்கை கூடாது, 10 சதவீத முன்கட்டணமும் கேட்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு தொழில் நிறுவனத்தின் வரி அடையாளம் திருடுபோனால் தெரிவிப்பதற்கென்றே வருமான வரித் துறை 14039-பி என்று தனிப் படிவம் வைத்திருக்கிறது. நம்மூரில் ஆயிரம் படிவம் இருக்கிறது, இதற்கு ஒன்று இல்லை. மாவட்டத்துக்கு ஒரு மேசை, அதில் ஒரு அதிகாரி, மாநிலப் பதிவோ மத்தியப் பதிவோ புகாரை அவரே வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவார் என்று இருந்தால் பாதி அலைச்சல் தீரும்.

அந்தப் பெண்ணின் புகாரில் இப்போது எப்.ஐ.ஆர். பதிவாகியிருக்கிறது. பதிவைத் தொடக்க நாளிலிருந்தே ரத்து செய்யக் கேட்டது நிலுவையில் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகியிருக்கிறோம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். உரிமைத் தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது எப்.ஐ.ஆர். நகலையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன். வாடிக்கையாளர்களின் விவகாரம் இதில் இருப்பதால் அச்சில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு ஜி.எஸ்.டி. கணக்காளர்,
திருப்பூர்.